காசியிலிருந்து நேபாளத்துக்குத் தரைவழியே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு: எல்லை தாண்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

கல்லடிப்பாலம் | 2024 நவம்பர் 9

வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. அப்பா தவறி இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கதை: காசிக்குப் போக வேண்டும். சரி, போவோம் என்று நான் தலையாட்டிய அடுத்த கிழமையே காத்மாண்டுப் பசுபதிநாதரும் பட்டியலில் ஏறிவிட்டார். கோயிலடியில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் காசி, அப்புறம் கோரக்பூர், சுனௌலி எல்லை, எல்லைக்கு அப்பால் பஸ்ஸில் காத்மாண்டு. திரும்புவதும் அதே வழிதான். அம்மாவுக்கு வயது அறுபத்துநாலு, விமானம் பயம். போக ஒன்று, வர ஒன்று, அதற்கு மேல் ஏறமாட்டேன் என்கிறார்.

நான் இதுவரை தரையால் எந்த நாட்டு எல்லையையும் தாண்டியதில்லை. இலங்கையில் பிறந்தவன் எங்கே போய்த் தாண்டுவது? இந்தியாவுக்கு இ-விசா போதுமா? வீட்டிலிருந்தே எடுக்கலாமே என்று பார்க்கிறேன். நேபாள விசா எங்கே எடுப்பது? அம்மாவின் பாஸ்போட்டில் பழைய அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது, கையில் இருப்பதோ புது 12 இலக்க அட்டை. அதைப் பிடித்துக்கொண்டு மறிப்பார்களா? அதிகாரிகள் காசு கேட்டால் என்ன செய்வது?

களுதாவளை வெற்றிலை | 2024 நவம்பர் 9

தம்பி, முதலில் இ-விசா எண்ணத்தை விடுங்கள்.

2019 ஒக்டோபரில் நானும் இரண்டு கூட்டாளிகளும் இதே பாதையால் போனோம். மூவரிடமும் இ-விசாதான். இந்தியாவை விட்டு வெளியேற அது போதும். சுனௌலியில் சீல் குத்தி, சிரித்து அனுப்பினார்கள். மறுகா பத்து நாள் கழித்து அதே வாசலுக்கு வந்து நின்றால், உள்ளே விட முடியாது என்கிறார் அதிகாரி. அப்போது இ-விசாவில் நுழைவதற்குக் குறிப்பிட்ட விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான் இருந்தன. சுனௌலி போன்ற தரை வாசல் அதில் இருக்கவில்லை. அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை, விண்ணப்பித்த தளத்திலேயே பட்டியல் போட்டிருந்தார்கள். மூன்று பேரும் படித்தவர்கள், ஒருவராவது அதை வாசித்திருக்க வேண்டாமா?

நேபாளப் பக்கம் ஏற்கெனவே வெளியேறும் சீல் விழுந்திருந்தது. அதை ரத்துச் செய்ய வைக்க அரை நாள் கெஞ்சினோம். அப்புறம் காத்மாண்டுக்குத் திரும்பி, அங்கிருந்து டெல்லிக்கு விமானம். அந்த ரிக்கற் காசில் இன்னொரு தரம் காசிக்குப் போயிருக்கலாம்.

ஆகவே பாஸ்போட்டில் ஒட்டித் தருகிற விசாவை எடுங்கள். ஒருமுறை நுழைவு என்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேபாளத்துக்குள் கால் வைத்தால் ஒருமுறை நுழைவு அதோடு முடிந்தது. விண்ணப்பத்தோடு பயண ஒழுங்கை எழுதி வையுங்கள்: இந்தியா, நேபாளம், மறுபடி இந்தியா, இன்ன இன்ன திகதி என்று. அதைப் பார்த்தால்தான் ஏன் இரண்டு தரம் நுழைய வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கும்.

அடுத்த பொறி இதைவிட மோசம். இந்தியர்களுக்கும் நேபாளிகளுக்கும் அந்த எல்லை திறந்த எல்லை. 1950-இல் செய்த ஒப்பந்தத்திலிருந்து அப்படித்தான். பாஸ்போட்டும் இல்லை, விசாவும் இல்லை. சைக்கிள்காரன் போகிறான், கோழிக்கூடு தூக்கியவன் போகிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். எங்கள் முகமும் அவர்கள் முகமும் ஒன்றுபோல்தான், நாங்களும் அந்தக் கூட்டத்தோடு போனால் யாரும் மறிக்கமாட்டார்கள். ரிக்ஷாக்காரன் நேரே நேபாளத்தில் இறக்கிவிட்டுக் காசு கேட்பான். இந்தியக் குடிவரவு அலுவலகம் கடைவரிசைக்குள் தெருவோரமாக இருக்கிறது. நாங்கள் அதைத் தாண்டிப் போய், ஒரு சம்சாக் கடைக்காரர் கைகாட்டித் திரும்பி வந்தோம்.

நாங்கள் தீவுக்காரர். எல்லை என்றால் எங்களுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம். அங்கே குடிவரவு மேசையைத் தொடாமல் வெளியே போகவே முடியாது, கட்டிடத்தை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். தரை எல்லையில் பாதை நேரே போகும், மேசை ஓரமாக இருக்கும். நீங்கள்தான் தேடிப் போய்க் குத்துவிக்க வேண்டும். இந்தியாவின் வெளியேறும் சீல் இல்லாமல் நேபாளக் கவுண்டருக்குப் போனால், பெரும்பாலும் அவரே திருப்பி அனுப்புவார். கவனிக்காமல் உள்ளே விட்டாரென்றால் அதுதான் கஷ்டம். திரும்பி வரும்போது நீங்கள் இந்தியாவை விட்டுப் போகவேயில்லை என்று புத்தகம் சொல்லும்.

நேபாள விசாவுக்குப் பயமில்லை. சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரருக்கு வருடத்தில் முதல் தரம் 30 நாள் இலவசம், எல்லையிலேயே தருவார்கள். இணையத்தில் போமை நிரப்பி அச்செடுத்துக்கொண்டு போங்கள், படமும் இரண்டு வையுங்கள். காசு விஷயம்: 2018 டிசம்பரில் 100 ரூபாவுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாளம் தடை செய்தது. அந்தத் தடை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 500 ரூபாத் தாள்களைக் கோரக்பூரிலேயே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, நேபாள நேரம் எங்களைவிட 15 நிமிடம் முன்னால். பஸ் ரிக்கற்றில் வருடம் அவர்களுடைய நாட்காட்டிப்படி 2076 என்று இருந்தது. என் கூட்டாளி அதைப் பார்த்து விசா முடிந்துவிட்டது என்று பயந்துபோனான்.

கல்லடிப்பாலம் | 2024 நவம்பர் 10

அண்ணன், இ-விசாவுக்கு இன்றிரவு காசு கட்ட இருந்தேன். நல்லவேளை. ஒட்டுகிற விசாவுக்குக் கொழும்பு, அல்லது கண்டி. எதுவென்றாலும் ஒருநாள் லீவு போகும், பரவாயில்லை. காசு கேட்டால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லவில்லையே?

வேகம்88 | 2024 நவம்பர் 10

மச்சான், பாஸ்போட்டுக்குள் 500 ரூபா மடித்து வை. பேச்சு மூச்சு இல்லாமல் சீல் விழும். உலகம் முழுக்க அதுதான்.

அத்தர்ப் பெட்டி | 2024 நவம்பர் 10

வேகம் தம்பி, உங்களை எந்த எல்லையில் பிடிக்கப் போகிறார்களோ, அல்லாஹ் காப்பாற்றட்டும். கேட்காத ஆளுக்குக் காசை நீட்டினால் இலஞ்சம் கொடுத்த குற்றவாளி நீங்கள். பதின்மூன்று வருடம் சவூதியில் சாரதி வேலை பார்த்தவன் சொல்கிறேன். பேப்பர் சரியாக இருந்தால் காசு தேவையில்லை. பேப்பர் பிழையென்றால் காசு கொடுத்தும் அடுத்த மேசையில் மாட்டுவீர்கள்.

நான் காத்தான்குடி. தம்மாமில் ஒரு கொம்பனியில் இருந்தேன். பஹ்ரைனுக்குப் போகிற கடல் பாலம் 25 கிலோமீற்றர், 1986-இல் திறந்தது. பாதிக் கடலில் ஒரு தீவு கட்டி, இரண்டு நாட்டுக் குடிவரவையும் சுங்கத்தையும் அதில் வைத்திருக்கிறார்கள். முதல் தரம் போனபோது என் கையில் பாஸ்போட், இகாமா என்கிற வதிவிட அட்டை, 200 ரியால் கட்டி எடுத்த போய்-வரும் விசா, எல்லாம் இருந்தது. கார் மட்டும் கொம்பனிப் பெயரில். காருக்கு தஃப்வீத் எங்கே என்றார் அதிகாரி. வண்டிச் சொந்தக்காரர் இன்னார் ஓட்டிப் போகலாம் என்று தருகிற அனுமதி அது. நான் ஆளுக்கு வேண்டிய பேப்பரைத்தான் யோசித்தேன், காருக்கும் பேப்பர் வேண்டும் என்று யோசிக்கவில்லை. விமானத்தில் போகிறவனுக்கு இந்தத் தொல்லை வராது, விமானம் அவனுடையது இல்லையே. இரவு பதினொரு மணிக்குக் கடலுக்கு நடுவில் காரைத் திருப்பினேன்.

அந்த அதிகாரி கோபப்படவில்லை, நானும் படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அனுமதியோடு போனேன். வேறொருவர் இருந்தார், பேப்பரைப் பார்த்தார், விட்டார். ஆளை ஞாபகம் வைத்துப் பழிவாங்குவார்கள் என்று எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, தம்பி. அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முகம்!

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். என் மச்சினன் கட்டாரில், டோஹாவில் இருந்தான். 2017 ரமழானில் தரைவழியாக மக்காவுக்கு உம்றா போக எல்லாம் எடுத்து வைத்திருந்தான். ஜூன் 5-ஆம் திகதி சவூதி கட்டாரோடு உறவை முறித்தது, இரண்டுக்கும் நடுவிலிருந்த சல்வா எல்லையும் மூடியது. மறுபடி நிரந்தரமாகத் திறந்தது 2021 ஜனவரியில். பேப்பர் எல்லாம் சரி, எல்லைதான் இல்லை. ஆகவே திரும்பி வருகிற விமானத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். உம்மாவோடு போகிறீர்கள், ஓட முடியாது.

வேகம்88 | 2024 நவம்பர் 10

சரி காக்கா, விட்டேன். பகிடிக்குச் சொன்னது.

படுவான்கரை வாத்தியார் | 2024 நவம்பர் 11

பகிடிக்குச் சொன்னதை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை நிஜமாகவே செய்யும். அதனால்தான் எழுத வந்தேன்.

தம்பி கல்லடி, அம்மாவின் பாஸ்போட் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவேயில்லை. ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். பத்தரமுல்லைப் பாஸ்போட் அலுவலகத்தில் இப்போது இருக்கிற வரிசை உங்களுக்குத் தெரியும்.

அடையாள அட்டை இலக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். புது இலக்கத்துக்குள் பழையது அப்படியே இருக்கிறது. முன்னால் 19, நடுவில் ஒரு பூச்சியம், கடைசி எழுத்து இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள், தெரியும். எல்லையில் அதை ஒருவரும் கேட்கப் போவதில்லை.

அதிகாரிகளோடு எப்படிக் கதைப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு நான் நேபாளம் போயிருக்கத் தேவையில்லை. போர் நடந்த தொண்ணூறுகளில் வீடு டவுணில், பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். வலையிறவுப் பாலத்தால் கிழமைக்கு ஐந்து நாள் சைக்கிளில் போய்வந்தேன். ஒரே மாவட்டம், ஒரே வாவி. ஆனால் அந்தப் பக்கம் வேறு ஆட்சி, இந்தப் பக்கம் வேறு ஆட்சி, நடுவில் காவலரண். பட்டறி கொண்டுபோக ஏலாது, சீமெந்து ஏலாது, யூரியா ஏலாது. கடிகாரத்துக்குப் போடுகிற சின்னப் பட்டறிக்காக என்னை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூட மணிக்கூட்டுக்கு என்று நான் நீளமாக விளக்கியதுதான் பிழை. மணிக்கூடு எங்கே, யார் வாங்கச் சொன்னது, அதிபர் யார், அவர் வீடு எது என்று ஒவ்வொரு பதிலிலிருந்தும் இன்னொரு கேள்வி பிறந்தது.

அன்றைக்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். எங்கே போகிறாய்? பள்ளிக்கூடம். என்ன வேலை? வாத்தியார். முடிந்தது. கேட்ட கடதாசியை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். முழுப் பையையும் மேசையில் கொட்டினால், அவர் தேடாத ஒன்றும் அவர் கண்ணில் படும்.

இது உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும். அவருக்காக நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள். அதிகாரி அம்மாவிடம் கேட்டால் அம்மாதான் சொல்ல வேண்டும். தங்கப்போகிற இடத்தின் பெயர், எத்தனை நாள், கூட வருவது மகன். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். பிள்ளை முந்திக்கொண்டு பேசினால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படும்.

கவுண்டரை விட்டு விலகுவதற்கு முன் சீலைப் பாருங்கள். திகதி சரியா, நுழைவா வெளியேற்றமா, எத்தனை நாள் போட்டிருக்கிறார். பத்து அடி நடந்த பிறகு சொன்னால் அது முறைப்பாடு, அங்கேயே நின்று சொன்னால் வெறும் திருத்தம்.

நேபாள மலையில் இருக்கிற முக்திநாத் கோயில் வரைக்கும் போகிற யோசனை ஏதும் இருந்தால் விட்டுவிடுங்கள். 3,700 மீற்றருக்கு மேல். அறுபத்துநாலு வயதுக்கு மூச்சு வாங்கும்.

திருக்கோவில் பிள்ளை | 2024 நவம்பர் 12

வாத்தியார் சேர் சொன்ன சீல் கதையில் ஒரு சின்னத் திருத்தம். எல்லா இடத்திலும் சீல் இருக்காது. சிங்கப்பூரில் எங்களைப் போன்ற பயணிகளுக்குச் சீல் குத்துவதையே நிறுத்திவிட்டார்கள், எத்தனை நாள் என்று மின்னஞ்சல் வரும். நான் அது தெரியாமல் கவுண்டரில் நின்றுகொண்டு, சீல் சீல் என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் போனது இந்த வருடம் பெப்ரவரியில். கோலாலம்பூரில் பத்து நாள், நடுவில் பஸ்ஸில் சிங்கப்பூருக்குப் போய் சின்னம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா வேண்டாம், வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு அட்டை நிரப்பினால் போதும். அதனால் அது ஏதோ பக்கத்து ஊருக்குப் போய்வருவது போல என்று நினைத்துவிட்டேன். என் மலேசிய இ-விசா ஒருமுறை நுழைவு. ஜோகூரில் வெளியேறும் சீல் விழுந்த நிமிடமே அது செத்தது. வெற்றிலை அண்ணன் சொன்ன அதே பொறி, நாடுதான் வேறு.

எனக்கு அது தெரிந்தது பஸ் ரிக்கற் எடுக்கப் போன இடத்தில். போய்வர இரண்டு ரிக்கற் கேட்டேன், கவுண்டரில் இருந்த தமிழ் அக்கா என் பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, 'திரும்பி வர விசா இருக்கா?' என்று கேட்டார். கடைசியில் கொழும்புக்கான விமானத்தைச் சிங்கப்பூரிலிருந்து மாற்றிப் போட்டேன். பெட்டி முழுவதையும் இழுத்துக்கொண்டுதான் பாலம் தாண்டினேன்.

பெட்டி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சிங்கப்பூர்ப் பக்கம் பெட்டியோடு இறங்கிச் சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும், பஸ் நெடுநேரம் காத்திருக்காது. என்னுடையது போயே விட்டது. பஸ் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் மண்டபத்துக்குள் எடுக்காதீர்கள், அங்கே கைத்தொலைபேசியைத் தூக்கினாலே சத்தம் போடுவார்கள்.

படுவான்கரை வாத்தியார் | 2024 நவம்பர் 12

திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன், பிள்ளை. மின்னஞ்சலை எப்படி வெயிலில் பிடித்துப் பார்ப்பது என்று யாராவது எனக்குச் சொல்லித் தாருங்கள்.

கல்லடிப்பாலம் | 2024 நவம்பர் 13

சேர், பார்த்தேன். 2025 மே மாதம் முடிகிறது. தலையில் இடி.

இப்போது இணையத்தில் திகதி பதிந்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். ஒருநாள் சேவைக்கு 20,000. பயணத்தைத் தள்ளிப் போட்டாயிற்று.

இன்னொரு சிக்கல். இந்திய விசாப் போமை நிரப்பிப் பார்த்தேன். குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டம். அம்மாவின் பாஸ்போட்டில் தாத்தாவின் பெயர் ஒரு வரி, அம்மாவின் பெயர் ஒரு வரி. கலியாணத்துக்குப் பிறகு எல்லா இடத்திலும் அப்பாவின் பெயரோடுதான் கையெழுத்து வைக்கிறார். எதை எழுதுவது? மதம், உடம்பில் உள்ள அடையாளம், தாய் தகப்பன் பிறந்த இடம் எல்லாம் கேட்கிறார்கள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தானியரா என்றுகூட ஒரு கேள்வி. அம்மா சிரித்துக்கொண்டே, 'எங்கட அம்மம்மா நாவலடியை விட்டு டவுணுக்கே வராதவ' என்கிறார்.

களுதாவளை வெற்றிலை | 2024 நவம்பர் 13

பாஸ்போட்டில் எந்த வரியில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். ஒரு எழுத்தையும் அழகுபடுத்த வேண்டாம். கலியாணம், கையெழுத்து, ஊரில் கூப்பிடுகிற பெயர், எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அந்த மேசையில் உங்கள் அம்மா என்பவர் பாஸ்போட்டில் இருக்கிற அந்த இரண்டு வரிதான். ரயில் ரிக்கற்றும் அதே பெயரில் இருக்கட்டும்.

கடந்த மூன்று வருடத்தில் போன சார்க் நாடுகளையும் கேட்பார்கள். போயிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், சீல் புத்தகத்தில் கிடக்கும்.

அத்தர்ப் பெட்டி | 2024 நவம்பர் 14

நாவலடி என்றால் சுனாமியில் போன ஊராச்சே. உம்மாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கையில் இருக்கிறதா? பாஸ்போட் புதுப்பிக்கப் போகிற இடத்தில் கேட்டால் நிற்க வேண்டி வரும்.

கல்லடிப்பாலம் | 2024 நவம்பர் 14

இருக்கிறது காக்கா. மூலப்பிரதி கடலோடு போனது. 2005-இல் அப்பா பதிவாளரிடம் புதுப் பிரதி எடுத்து, லமினேற் பண்ணி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்றுத்தான் கண்டெடுத்தோம். ஆனால் அதில் ஊர் நாவலடி, பாஸ்போட்டில் மட்டக்களப்பு. போமில் மட்டக்களப்பு என்றே எழுதிவிட்டேன், வெற்றிலை அண்ணன் சட்டப்படி.

கல்லடிப்பாலம் | 2025 மார்ச் 27

போய்விட்டு வந்தோம். உதவிய எல்லோருக்கும் நன்றி, இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

விசா பலமுறை நுழைவாகவே கிடைத்தது. பயண ஒழுங்கை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தது உதவியது என்றுதான் நினைக்கிறேன். சுனௌலியில் ரிக்ஷாக்காரர் நிற்காமல் போகத்தான் பார்த்தார். அம்மா முதுகில் தட்டி, 'இமிகிரேசன், இமிகிரேசன்' என்று கத்தி இறக்கினார். சம்சாக் கடை இன்னும் இருக்கிறது, அண்ணன். அதே கடைதானா தெரியாது.

யாரும் காசு கேட்கவில்லை. வெளியில் நின்ற ஒரு தரகர்தான் நேபாள விசாவுக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தார். இலவசம் என்று தெரிந்திருந்ததால் அவரோடு கதைக்கவே இல்லை.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எந்த நாட்டுக் கவுண்டர் என்று கேட்காதீர்கள், நல்ல மனுசன், வேலை கூடிய நேரம். இரண்டு பாஸ்போட்டையும் ஒன்றாக நீட்டினேன். இரண்டையும் புரட்டினார், டப் டப் என்று சத்தம் கேட்டது, திருப்பித் தந்தார். நான் என்னுடையதைப் பார்த்தேன், இருந்தது. பையைத் தோளில் போட்டுவிட்டேன். அம்மா நகரவில்லை. கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, 'மகன், என்ட புத்தகத்தில ஒண்டும் இல்லையே' என்றார். இரண்டு சீலும் என் புத்தகத்திலேயே விழுந்திருக்கிறது, எதிரும் புதிருமான பக்கங்களில். அவர் தலையில் கைவைத்துச் சிரித்து, ஒன்றின்மேல் கோடு போட்டுக் கையெழுத்து வைத்து, அம்மாவுடையதில் குத்திக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை.

வாத்தியார் சேர், உங்கள் பதிலை நான் அச்செடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கேட்டது அம்மா, மறந்தது நான்.

திருக்கோவில் பிள்ளை | 2025 மார்ச் 27

அண்ணன், அம்மா அந்த மூன்று ஆங்கில வசனத்தையும் சொன்னாரா?

கல்லடிப்பாலம் | 2025 மார்ச் 28

ஒரு மாதம் பழக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. கட்டுநாயக்காவில் திரும்பி இறங்கியபோது எங்கள் அதிகாரியிடம் தானாகவே போய்ச் சொன்னார்.